படித்தளமும் பிழையெண்களும்

ஓலைச்சுவடி ஒன்றைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதுவோர் மூலத்தில் உள்ளவாறே பிசகின்றி எழுதி முடிப்பாராயின், அந்தப் படியை எங்குக் கொண்டுபோய் வைப்பினும் அது பயன்படும். மதுரையில் எழுதிய ஏட்டைத் தஞ்சையில் வைத்துப் படித்தாலும் பாட்டு ஒன்றே. ஏடு தான் கிடக்கும் இடத்தை அறியாது. இணையத்தளத்தின் இயல்பு இதற்கு மாறானது. தான் குடியிருக்கும் கணினியின் பெயர், கோப்புகள் கிடக்கும் அடைவின் வழி, தரவுத்தளத்தின் கடவுச்சொல், தன்னை உலகம் அழைக்கும் முகவரி ஆகிய இவற்றையெல்லாம் அது தன் வயிற்றினுள்ளேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கின்றது. ஆதலின் ஓர் எழுத்தும் விடாது படியெடுத்த தளமே இடம் மாறியவுடன் பழுதுபட்டு நிற்கின்றது. பிழையின்றிப் படியெடுத்தமையே பிழைக்குக் காரணமாகும் இவ்விந்தையையும், அதனைக் களையும் வழியையும் ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

தளத்தைப் படியெடுப்பது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். காரணம் இரண்டு. வாடகைக்குப் பெற்ற கணினியின் தவணை முடிந்து வேறிடம் பெயர்தல் ஒன்று. மூலத்தைத் தொடாமல், புதிய பதிப்பையோ செருகுநிரலையோ முதலிற் படியில் இட்டுச் சோதித்தல் மற்றொன்று. ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளங்களின் தொகுதியை, ஜப்பானியக் கிளை நீங்கலாக, யாஹூ நிறுவனம் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடியபோது, பிறர் முன்னரே எடுத்து வைத்திருந்த படிகளில் அகப்பட்டவை ஒழிய ஏனைய பக்கங்கள் மறைந்தே போயின. படியின் அருமை அவ்வாறு. ஆயினும் எடுத்த படி வேறோர் கணினியில் எழுந்து நின்று பேசினால் அன்றோ அதனாற் பயன்?

பொதுவகையாற் பேசின் பொருள் விளங்காது. ஆகலின் ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கல்லூரித் தமிழ்மன்றம் ஒன்று, தன் பழைய ஆண்டுமலர்களையெல்லாம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளின் துணைகொண்டு இணையத்தில் ஏற்றியுள்ளது என்க. வேர்ட்பிரஸ், பி-2 என்னும் முந்திய மென்பொருளினின்றும் 2003ஆம் ஆண்டில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவரால் கிளைத்தெழுந்தது. இத்தகைய தளத்தில் ஊழியர் பலர் உளர். லினக்ஸ் இயங்குதளம் வீடும் நிலமும் போல்வது. வாயிலில் நின்று, வருவோர் கேட்டதை வாங்கி உள்ளே அனுப்பி, விடையைக் கொணர்ந்து தருவது அப்பாச்சி என்னும் வழங்கி. உள்ளே பக்கத்தைச் சமைப்பது பி.எச்.பி.; சமையலுக்கு வேண்டும் பண்டங்களாகிய கட்டுரைகளையும் பெயர்களையும் சேமித்து வைத்திருக்கும் பண்டசாலை மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளம். இம்மூன்றும் 1995ஆம் ஆண்டிலேயே வெளிப்போந்தமை குறிக்கத்தக்கது. சில இடங்களில் அப்பாச்சிக்குப் பதிலாக, இகோர் சிசோயெவ் என்னும் உருசியர் 2004இல் வெளியிட்ட எஞ்சினெக்ஸ் வாயிலில் நிற்கும்.

வாயிலில் நிற்போன் ஒவ்வொரு விடைக்கும் முன்னால் மூன்றிலக்க எண் ஒன்றைக் கூறுவான். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 என்னும் விவரணத்திலேயே இம்முறை வகுக்கப்பட்டுள்ளது. 2 எனத் தொடங்கின் நலம். 3 எனத் தொடங்கின் வேறிடம் செல்க என்பது பொருள். 4 எனின் கேட்டவர் பிழை. 5 எனின் வழங்கியின் பிழை. படியெடுத்த தளத்தைப் பொறுத்தவரை இப்பகுப்பினை முழுதும் நம்புதல் கூடாது என்பது எம் கருத்து. 403, 404 என்னும் எண்கள் கேட்டவர்மீது பழியைச் சுமத்தினும், குற்றம் பெரும்பாலும் படியை நாட்டியவரிடத்தே காணப்படும்.

முதலிற் செய்யத்தக்கது யாதெனின், திரையிற் காணும் எண்ணை விட்டுப் பிழைப்பதிவேட்டைத் திறந்து பார்த்தலே. 500 என்னும் எண் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாத எண். உள்வீட்டுச் செய்தியைத் தெருவிற் போவோர்க்கெல்லாம் கூறலாகாது என்பதனால் அது வாய்மூடி நிற்கின்றது. உண்மையைப் பதிவேட்டில் மட்டும் எழுதி வைக்கின்றது. டெபியன், உபுண்டு வகை இயங்குதளங்களில் அப்பதிவேடு ‘வார்’ என்னும் அடைவினுள் ‘லாக்’ என்பதனுள் ‘அப்பாச்சி2’ என்னும் பெயருடைய அடைவில் இருக்கும். ரெட்ஹாட் வகையில் அதே இடத்தில் ‘எச்டிடிபிடி’ என்னும் பெயரில் இருக்கும். ‘டெயில்’ என்னும் கட்டளையாற் பதிவேட்டின் கடைசி வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, உலாவியிற் பக்கத்தை மீண்டும் அழைக்க வேண்டும். புதிய வரி தோன்றின் அதுவே நோயின் பெயர். வரி ஒன்றும் தோன்றாவிடில், வருகைப்பதிவேட்டையும் நோக்குக. அதிலும் அழைப்பின் சுவடு காணப்படாதாயின், அழைப்பு இக்கணினிக்கு வரவேயில்லை என்று துணியலாம். நாம் பார்த்துக்கொண்டிருப்பது வேறொரு கணினியின் பக்கமாகும். இதனை அறியாது, மணிக்கணக்காகத் தொடர்பற்ற கோப்புகளைத் திருத்திக்கொண்டிருப்போர் பலர்.

இனி 500க்கு வருவோம். தளத்தின் அடைவில் ‘எச்டி-ஆக்சஸ்’ என்னும் கோப்பொன்று உண்டு. வழங்கிக்கு இடும் சிறப்பு ஆணைகள் அதில் எழுதப்பெறும். முகவரிகளை மாற்றி எழுதும் ஆணை அவற்றுள் ஒன்று. பழைய கணினியில் அதற்குரிய ‘ரீரைட்’ கூறு இயங்கியிருக்கும். புதிய கணினியில் அது இயக்கப்படாதிருக்கும். கட்டளைக்குப் பொருள் தெரியாத வழங்கி 500 என்று கூறி நின்றுவிடும். பி.எச்.பி.யின் அளவுகளை அக்கோப்பிலேயே எழுதும் பழைய வழக்கமும் இங்ஙனமே இடர் செய்யும். பி.எச்.பி. அப்பாச்சிக்குள்ளேயே குடியிருந்த காலத்தில் அவ்வாணை செல்லும், எப்.பி.எம். என்னும் தனி ஊழியனாகப் பிரிந்து நிற்கும் இடத்தில் அது செல்லாது. ஐயந்தீர வழி எளிது. அக்கோப்பின் பெயரைச் சற்று மாற்றிவைத்துப் பக்கத்தை அழைக்க. 500 மறைந்தால் குற்றம் அதனுள்ளே உள்ளது, மறையாவிடின் பி.எச்.பி.யிடம் செல்க.

பி.எச்.பி.யில் நேரும் பிழை பெரும்பாலும் பதிப்பு வேறுபாட்டால் வருவது. மை எஸ்.க்யூ.எல்.லோடு பேசுதற்கு முற்காலத்தில் வழங்கிய பழைய செயற்கூறுகள் 2015இல் வந்த 7.0 பதிப்பில் நீக்கப்பட்டன. ‘ஈச்’, ‘கிரியேட் பங்ஷன்’ முதலியன 2020இல் வந்த 8.0 பதிப்பில் நீக்கப்பட்டன. பழைய செருகுநிரல் அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கும், அங்கே ஆளில்லை. உடனே பக்கம் வெள்ளைத் திரையாகும். 2019இல் வெளிவந்த 5.2 பதிப்பு முதலாக வேர்ட்பிரஸ் ‘கடும்பிழை நேர்ந்தது’ என்னும் பொருள்பட ஒரு வரி காட்டி, மீட்புவழியைத் தள நிருவாகிக்கு மின்னஞ்சலில் அனுப்புகின்றது. புதுக்கணினியில் அஞ்சல் அனுப்பும் ஏற்பாடே இல்லையாயின் அம்மடல் எவர்க்கும் சேராது. அப்பொழுது செருகுநிரல் அடைவின் பெயரை மாற்றி அனைத்தையும் ஒருங்கே உறங்கவிட்டு, பின் ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்துக் குற்றவாளியைக் காணலாம். இன்னொரு மறைவான காரணமும் உண்டு. சில காவற்செருகுநிரல்கள், ஒவ்வொரு பக்கத்திற்கும் முன்னர்த் தம் கோப்பொன்றை ஓதுமாறு பி.எச்.பி.க்கு ஆணையிட்டு, அக்கோப்பின் முழுவழியையும் எழுதி வைக்கும். வழி பழைய கணினியினது. புதிய கணினியில் அப்படியோர் அடைவு இராது. செருகுநிரலை நீக்கினும் ஆணை நீங்காது நிற்கும் ஆகலின், இதனைக் கண்டுபிடிக்கப் பதிவேடு ஒன்றே துணை.

முகப்புப் பக்கம் அழகாகத் திறக்கின்றது, மலரின் உட்பக்கங்கள் யாவும் 404 என்கின்றன என்பது அடுத்த முறையீடு. இதற்கும் முற்கூறிய கோப்பே காரணம். ஆனால் இம்முறை அது படிக்கப்படாமையால் வந்த கேடு. லினக்ஸில் புள்ளியிற் பெயர் தொடங்கும் கோப்புகள் சாதாரணப் பட்டியலிற் கண்ணுக்குப் புலப்படா. உடுக்குறியிட்டு ‘அனைத்தையும்’ படியெடுத்தோம் என்று எண்ணுவோர் பலர் இப்புள்ளிக்கோப்பை விட்டுவிடுகின்றனர். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளி இடப்படாது போனமையால் எத்துணைப் பாடங்கள் மயங்கின என்பதை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு, ஒரு புள்ளியால் நேரும் இவ்விடர் புதிதன்று. கோப்பு வந்து சேர்ந்திருந்தும் 404 நீங்காவிடின், அப்பாச்சியின் அமைப்பில் ‘அலவ் ஓவர்ரைடு’ என்னும் வரியைப் பார்க்க வேண்டும். 2.4 பதிப்பு முதலாக அது ‘நன்’, அஃதாவது இக்கோப்பைக் கண்டுகொள்ளாதே, என்பதையே இயல்பாகக் கொண்டுள்ளது. எஞ்சினெக்ஸோ இக்கோப்பை எக்காலத்தும் படிப்பதில்லை. அதற்குரிய ஆணையை அதன் அமைப்பிலேயே எழுத வேண்டும். விண்டோஸ் கணினியினின்றும் பெயர்ந்த தளமாயின் படங்கள் மட்டும் 404 எனக் காட்டுதலும் உண்டு. ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றே, லினக்ஸுக்கு வேறு வேறு. நம் மொழியில் அவ்வேறுபாடே இன்மையால் இப்பிழை நம் கண்ணுக்கு எளிதிற் படுவதில்லை.

403 என்பது ‘உனக்கு அனுமதியில்லை’ என்னும் கூற்று. கோப்புகட்கு 644, அடைவுகட்கு 755 என்பது வழக்கமான அளவு. படித்தற்கு 4, எழுதற்கு 2, இயக்குதற்கு 1 எனக் கூட்டி வருவன இவ்வெண்கள். அடைவிற்கு இயக்குதல் என்பது அதனூடே நுழைந்து செல்லுதலாம். தளத்தின் அடைவு மட்டும் திறந்திருந்தாற் போதாது; அதற்கு மேலுள்ள ஒவ்வோர் அடைவின் வழியும் வழங்கி நுழைந்து வருதல் வேண்டும். ஏழாம் கட்டின் கதவு திறந்திருப்பினும் முதற்கட்டின் கதவு பூட்டியிருந்தால் உள்ளே செல்வது எங்ஙனம்? ‘நேம்ஐ’ என்னும் கட்டளை எல்லாக் கட்டுகளின் நிலையையும் ஒரே பட்டியலாகக் காட்டும். சிலர் சினங்கொண்டு அனைத்திற்கும் 777 என அளித்துவிடுகின்றனர். இது தகாது, அக்கணினியிற் புகுந்த எவரும் மன்றத்தின் பக்கங்களைத் திருத்தி எழுத இடந்தருவது அது. அனுமதி சரியாயிருந்தும் 403 நீங்காத ரெட்ஹாட் வகைக் கணினியில் எஸ்.ஈ. லினக்ஸின் முத்திரையை நோக்குக. கோப்பை இடம்பெயர்த்தால் அது பழைய முத்திரையோடே வரும். ‘ரிஸ்டோர்கான்’ என்னும் கட்டளை புது இடத்திற்குரிய முத்திரையை இடும்.

502 பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. வாயிலோன் சமையற்காரனைக் கூப்பிட்டான், சரியான மறுமொழி வரவில்லை என்பதே பொருள். எஞ்சினெக்ஸின் அமைப்பில் பி.எச்.பி. 7.4க்குரிய இணைப்புவாய் எழுதியிருக்கும்; புதுக்கணினியில் ஓடுவது 8.2ஆக இருக்கும். பெயரைத் திருத்திவிட்டாற் போதும்.

தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ள இயலவில்லை என்னும் செய்தி தோன்றின், வேர்ட்பிரஸின் ‘கான்பிக்’ கோப்பைத் திறந்து தரவுத்தளப் பெயர், பயனர், கடவுச்சொல், இருக்கும் கணினி என்னும் நான்கையும் சரிபார்க்க வேண்டும். இதனைக் கண்டு கலங்குவோர் பலர். எம் எண்ணம் வேறு. இச்செய்தி வந்தமைக்கு மகிழவே வேண்டும். ஏனெனின் இது வாராமையே கொடிது. படியும் மூலமும் ஒரே கணினியில் வைக்கப்பட்டு, கான்பிக் கோப்பு திருத்தப்படாதிருப்பின், படி யாதொரு பிழையெண்ணும் காட்டாது நன்றாகவே திறக்கும். இரண்டு வாயில்களும் ஒரே பண்டசாலைக்குத் திறக்கின்றன. சோதனைதானே என்று படியில் நூறு கட்டுரைகளை அழிக்கும் மாணவர், மன்றத்தின் மூலத்தையே அழித்தவராவார். இதனைத் தடுக்க உறுதியான வழி ஒன்றுண்டு. படிக்கெனத் தனித் தரவுத்தளமும், அதனை மட்டும் தொடும் உரிமையுடைய தனிப்பயனரும் வகுத்து, மூலத்தின் கடவுச்சொல் படியின் கோப்பில் எங்கும் இராதவாறு செய்தலே அது.

இதனோடு ஒத்த இன்னொரு மௌனப் பிழை முகவரியைப் பற்றியது. தரவுத்தளத்தின் ‘ஆப்ஷன்ஸ்’ என்னும் அட்டவணையில் ‘சைட்-யூஆர்எல்’, ‘ஹோம்’ என இரு வரிகள் தளத்தின் முகவரியைத் தாங்கி நிற்கும். அவற்றை மாற்றாவிடின், படியை அழைத்தவரை வேர்ட்பிரஸ் 301 என்னும் எண்ணால் மூலத்திற்கே அனுப்பிவிடும். அவரோ படியில் இருப்பதாக எண்ணி மூலத்தில் வேலை செய்வார். உலாவியின் மேலுள்ள முகவரியை ஒவ்வொரு முறையும் நோக்குதல் இதற்கு மருந்து. 301 நிலையான மாற்றத்தைக் குறிப்பதாகலின் உலாவி அதனை நினைவில் வைத்துக்கொள்ளும். தளத்தைத் திருத்திய பின்னரும் பழைய இடத்திற்கே கொண்டு செல்லும். ஆகவே தனிச்சாளரத்திலோ ‘கர்ல்’ என்னும் கட்டளையாலோ சோதித்தல் நன்று.

முகவரியை மாற்றும் பணியே இக்கலையில் மிகவும் நுண்ணியது. தரவுக்கோப்பு முழுவதையும் எழுத்துப்பதிப்பானில் திறந்து, பழைய முகவரி கண்டவிடமெல்லாம் புதியதை இட்டால் ஆகாதோ எனின், ஆகாது. பி.எச்.பி. தன் அமைப்புகளை ஒரு கோவையாகக் கட்டி வைக்கும்போது ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன் அதன் நீளத்தை எழுதி வைக்கின்றது. அந்நீளம் பைட்டுக் கணக்கு. ‘தமிழ்’ என்னும் சொல் நம் இலக்கணத்தின்படி மூன்றெழுத்து. யூனிகோட் அதனை த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணும். கென் தாம்சன், ராப் பைக் என்போர் 1992இல் வகுத்த யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறுதலால் பொறியின் கணக்கில் அது 15. முகவரி ஓர் எழுத்துக் கூடினும் குறையினும் முன்னெழுதிய நீளம் பொய்யாகும். பொய்யான கோவையை பி.எச்.பி. அவிழ்க்க மறுக்கும். பக்க ஓரத்துப் பட்டியல்களும் தோற்ற அமைப்புகளும் மாயமாக மறையும். பிழையெண்ணோ 200, நலமே என்று கூறிக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவி கோவையை அவிழ்த்து, மாற்றி, நீளத்தைத் திருத்தி மீண்டும் கட்டவல்லது. உண்மையில் மாற்றாது, மாறப்போவனவற்றின் தொகையை மட்டும் காட்டும் ஒத்திகை முறையும் அதில் உண்டு. ஒத்திகையை முதலிற் செய்க.

தமிழ்த் தளத்திற்கு மட்டும் உரிய துன்பம் ஒன்று எஞ்சியுள்ளது. பக்கம் திறக்கும், படங்கள் தோன்றும். தமிழ் இருக்க வேண்டிய இடமெங்கும் தலையிற் கோடிட்ட இலத்தீன் எழுத்தும் வணிகமுத்திரைக் குறியும் மாறிமாறி வரும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதற் பைட்டும் ஒன்றேயாகலின், அது இலத்தீன் அட்டவணையில் எப்போதும் அதே உருவைக் காட்டுகின்றது. பழைய நிறுவல்கள் பலவற்றில் அட்டவணை ‘லத்தீன்1’ என்று தன்னைக் கூறிக்கொண்டு, உள்ளே யு.டி.எப்.-8 பைட்டுகளை வைத்திருக்கும். பழைய இடத்தில் இரு பொய்யும் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் தமிழ் தெரிந்தது, படியெடுக்கும் கருவி அட்டவணையின் கூற்றை நம்பி ஒருமுறை மாற்றியமைத்தது, குழப்பம் வெளிப்பட்டது. இவ்வுருவிற் காணப்படும் தமிழ் இன்னும் இறந்ததன்று. மாற்றிய வழியே திருப்பின் பெரும்பாலும் மீளும். ஆனால் வினாக்குறிகள் வரிசையாக நின்றால், எழுத்துகள் போயேவிட்டன, எக்கருவியாலும் மீளா. ஆதலால் புதிய படியில் மலரின் பழம்பக்கங்கள் சிலவற்றையேனும் வரிவரியாகப் படித்துப் பாராமல் மூலக்கணினியின் தவணையை முடித்தல் கூடாது. முகப்புத் திறந்ததைக் கண்டு மகிழ்ந்து மூலத்தை விட்டுவிட்டால், இருபது ஆண்டுக் கட்டுரைகள் வினாக்குறிகளாகவே நிற்கும்.

நிற்க. படி எழுந்து நடமாடத் தொடங்கியதும் வேறொரு கவலை உண்டாம். அது தன்னை மூலமாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றது. மன்றத்து உறுப்பினர்க்கு மடல் அனுப்பும் நேரம் வந்தால் அதுவும் அனுப்பும். ஒவ்வொருவரும் இரு மடல் பெறுவர். சோதனைப்படியாயின் அதன் அஞ்சலை நிறுத்திவைத்து, தேடுபொறிகள் அதனை நோக்காதவாறு அமைப்பில் குறித்து, வாயிலில் ஒரு கடவுச்சொல்லும் இடல் வேண்டும்.

இடம்பெயரும் தளமாயின், உலகிற்குப் புது முகவரியை அறிவிக்கு முன் நம் கணினியிலுள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் கோப்பில் தளத்தின் பெயருக்கு நேரே புதுக்கணினியின் எண்ணை எழுதிப் பார்க்கலாம். நமக்கு மட்டும் அது புதுவீட்டிற் காட்சியளிக்கும். பிறர் பழைய வீட்டிற்கே செல்வர். சோதனை முடிந்தபின் அவ்வரியை மறவாது நீக்குக. பெயர்ப்பதிவில் எண்ணை மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அதன் ஆயுட்காலத்தை 300 வினாடியளவிற் குறைத்து வைப்பின் மாற்றம் விரைவிற் பரவும். பரவும் வரை சிலர் பழைய இடத்திற்கே வருவர். அங்கே அவர் எழுதும் கருத்துகள் புதிய தரவுத்தளத்திற்கு வாரா. ஆகலின் அவ்விடைக்காலத்தில் பழைய தளத்தில் எழுதுதலை மூடி, படித்தலை மட்டும் திறந்துவைத்து, வருகைப்பதிவேட்டில் எவர் பெயரும் விழாத நாள் வந்தபின் அக்கணினியை நிறுத்தலாம்.